செயற்கை நுண்ணறிவும் மலையகப் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணிதமும் கொஞ்சம் கணினியும் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து கதவைப் பூட்டுகிற நேரத்தில்தான் அப்பா அம்மாமார் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இந்த ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வந்ததால் எங்கள் பிள்ளை முன்னுக்கு வருமா, இல்லை இன்னும் பின்னுக்குப் போகுமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கேட்கிற விதம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஏஐக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிற எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

அம்மா கொழுந்து பறித்தார், மகள் ஆசிரியை ஆனாள், பேரன் பொறியியலாளன் ஆனான் என்றால் அதைத்தான் சமூக ஏற்றம் என்கிறோம். மலையகத்தில் இந்த ஏற்றம் மற்ற இடங்களை விட மெதுவாகத்தான் நடந்திருக்கிறது. 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்கள், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கவே 70களாகிவிட்டது, 2019ஆம் ஆண்டு அரச கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வறுமை 14.3 சதவீதமாக இருந்தபோது தோட்டத்துறையில் மட்டும் 33.8 சதவீதம். இவ்வளவு பின்னால் இருந்து ஓடுகிறவர்களுக்கு, ஓட்டத்தின் நடுவில் விதிகள் மாறினால் அது மற்றவர்களை விட அதிகமாகப் பாதிக்கும்.

ஏஐ அப்படியான ஒரு மாற்றம். கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30இல் வெளியானது. 2024 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஆய்வு, உலகத்தில் உள்ள வேலைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தை ஏஐ ஏதாவது ஒரு வகையில் தொடும் என்றது. வளர்ந்த நாடுகளில் அது 60 சதவீதம், எங்களைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் 40, வறிய நாடுகளில் 26. 60 இல்லையே, தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணக்குக்குள் வருகிற வேலைகள்தான் எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டுப் போக நினைக்கிற வேலைகள்.

பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே டீச்சர் கிடைத்த மாதிரித்தானே? அப்போ இடைவெளி குறையத்தானே வேண்டும்?

எல்லோரும் இதைத்தான் நம்ப விரும்புகிறார்கள், நானும்தான். கண்டியில் பிரத்தியேக வகுப்புக்குக் காசு கட்டுகிற பிள்ளைக்குக் கிடைக்கிற விளக்கம், மஸ்கெலியாவில் உள்ள பிள்ளைக்கும் போனில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இதுவரை வந்த ஆய்வுகளைப் பார்த்தால், ஒரே கருவி ஒரு இடத்தில் இடைவெளியைக் குறைத்திருக்கிறது, இன்னொரு இடத்தில் கூட்டியிருக்கிறது.

முதலில் நல்லது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கவனித்தார்கள். ஏஐ உதவி கொடுத்ததும் ஒரு மணி நேரத்தில் அவர்கள் தீர்த்து வைத்த பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கோ 34 சதவீதம். அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றம் இல்லை. அதாவது பின்னால் நின்றவர்தான் அதிகம் முன்னேறினார்.

கென்யாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சின்ன வியாபாரம் செய்கிறவர்களுக்கு வட்ஸ்அப் வழியாக ஏஐ ஆலோசகர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்தவர்களின் வியாபாரம் 15 சதவீதம் அளவில் உயர்ந்தது, தடுமாறிக்கொண்டிருந்தவர்களுடையது 8 சதவீதம் அளவில் இறங்கியது. கருவி ஒன்று, ஆலோசனை சொன்ன விதமும் ஒன்று. தடுமாறியவர்கள் கொண்டு வந்த பிரச்சினைகளே இன்னும் சிக்கலானவை என்று ஆய்வாளர்கள் விளக்கம் சொன்னார்கள். எனக்கு இது உடனே விளங்கியது. கையில் முதல் இருக்கிறவர் "விளம்பரத்தை எப்படி எழுதலாம்" என்று கேட்பார், கடனில் இருக்கிறவர் "இந்த மாதம் எப்படித் தாண்டுவது" என்று கேட்பார். இரண்டாவது கேள்விக்கு எந்த இயந்திரத்திடமும் சுலபமான பதில் இல்லை.

பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு ஆய்வையும் சொல்கிறேன், எங்களுக்கு மிகவும் பொருந்துவது அதுதான். 2024இல் நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் உலக வங்கி ஆறு வாரம் ஒரு மாலை வகுப்பு நடத்தியது. பிள்ளைகள் ஏஐயோடு ஆங்கிலம் படித்தார்கள், ஆசிரியர் கூடவே இருந்து வழிகாட்டினார். முடிவில் பிள்ளைகளின் அறிவு தெளிவாகவே முன்னேறியிருந்தது, ஆரம்பத்தில் பின்தங்கி இருந்த பெண் பிள்ளைகள் இன்னும் கூடுதலாகவே. ஆனால் அதிக நாள் வந்தவர்கள்தான் அதிகப் பலன் பெற்றார்கள், வெள்ளத்தாலும் பாடசாலை முடிந்து வேலைக்குப் போனதாலும் வராமல் விட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் எங்கள் பிள்ளைகளும் அப்படித்தானே வீட்டில் இருக்கிறார்கள்?

ஆகவே என் பதில்: கருவி சமமாகக் கிடைப்பதால் பலனும் சமமாகிவிடாது. பக்கத்தில் ஒரு ஆள், ஒழுங்காக ஒரு நேரம், அடிப்படை வாசிப்பு, இந்த மூன்றும் இருக்கிற பிள்ளையை அது தூக்கிவிடும். இவை இல்லாத பிள்ளையிடம் போனை மட்டும் கொடுத்துவிட்டு "வாய்ப்பைக் கொடுத்துவிட்டோம்" என்று யாரும் சொல்லக் கூடாது.

என் மகன் வீட்டுப்பாடம் முழுவதையும் அதில்தான் செய்கிறான். பரவாயில்லையா?

இல்லை அக்கா, பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்.

துருக்கியில் உயர்நிலைப் பாடசாலை மாணவர்களை வைத்துச் செய்த ஒரு கணிதச் சோதனையை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குழுவுக்குக் கேட்டதும் விடையைச் சொல்லிவிடும் சாதாரண ஏஐ, இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றிய ஏஐ. பயிற்சி செய்யும்போது, ஏஐ இல்லாமல் படித்த பிள்ளைகளை விட முதல் குழு 48 சதவீதம் கூடுதலாகச் செய்தது, இரண்டாவது குழு 127 சதவீதம் கூடுதலாக. பிறகு ஏஐயை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தார்கள். விடை சொல்லும் ஏஐயோடு பழகிய பிள்ளைகள், ஏஐயையே பார்க்காத பிள்ளைகளை விட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் வாங்கியவர்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை.

சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போன் வராது. வசதியான வீட்டில் பிள்ளை இப்படி ஏமாற்றினால் டியூஷன் மாஸ்டர் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் வீட்டில் அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய் இருட்டுகிற நேரத்தில் வருகிறார், கொப்பியில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார், உண்மை பரீட்சை முடிவு வரும்போதுதான் தெரிகிறது. அதனால்தான் என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளை முதலில் தன் வழியில் கணக்கைச் செய்ய வேண்டும், பிறகு "விடையைச் சொல்லாதே, நான் எந்த வரியில் பிழை விட்டேன் என்று மட்டும் சொல்" என்று தமிழிலேயே எழுதிக் கேட்க வேண்டும். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்கு விளக்க வேண்டும். நீங்கள் படிக்காதவராக இருந்தாலும் இந்தக் கடைசி வேலையைச் செய்யலாம். "எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள், விளங்காமல் எழுதியிருந்தால் பிள்ளையின் முகத்திலேயே தெரிந்துவிடும்.

இனிக் கொழுந்து பறிக்கிற வேலையும் போய்விடுமா?

சரிவில், மழையில், அட்டைக்கடிக்கு நடுவில் நல்ல கொழுந்தைப் பார்த்துக் கிள்ளும் கை வேலையை இப்போதைய சாட்ஜிபிடி மாதிரியான ஏஐ எடுத்துவிடாது. அது எழுத்து வேலையை, கணக்கு வேலையை, பதில் சொல்லும் வேலையைத்தான் முதலில் தொடுகிறது.

என் பயம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் சமூகம் தோட்டத்தை விட்டு வெளியே வந்த வழியை யோசித்துப் பாருங்கள். ஒரே பாய்ச்சலில் டொக்டர் ஆனவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் எல்லோரும் சின்னச் சின்னப் படிகளால் வந்தவர்கள்: கடையில் கணக்கு எழுதுவது, கொழும்பில் ஒரு அலுவலகத்தில் தரவு பதிவது, தட்டச்சு, மொழிபெயர்ப்பு, போனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது. சம்பளம் பெரிதில்லை, ஆனால் அந்த வேலையில் இருந்துகொண்டே அடுத்த பாடநெறியைப் படித்து, தம்பி தங்கச்சியைப் படிக்க வைத்து, மெல்ல மேலே ஏறினார்கள். என் தங்கச்சியும் அப்படித்தான், உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு இடத்தில் பில்களைக் கணினியில் பதியும் வேலைக்குப் போனாள். எட்டுப் பேர் இருந்த அறையில் இப்போது மூன்று பேர். அவளை வெளியே அனுப்பவில்லை, ஆனால் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. எங்கள் லயத்தில் அவளுக்குப் பிறகு பரீட்சை எழுதிய இரண்டு பிள்ளைகள் அந்த இடத்தை நம்பி இருந்தார்கள்.

வேலை நீக்கம் என்றால் செய்தியில் வரும், தொழிற்சங்கம் கேள்வி கேட்கும். ஆள் எடுக்காமல் விடுவது சத்தமே இல்லாமல் நடக்கும். முதல் படியை எடுத்துவிட்டால் ஏற்கெனவே மேலே நிற்கிறவருக்கு ஒன்றும் ஆகாது, கீழே நிற்கிறவருக்குத்தான் ஏணியே இல்லாமல் போகிறது.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023இல் சொன்னது, இந்த வகை ஏஐயால் அதிகம் பாதிக்கப்படக்கூடியது எழுதுவினைஞர் வேலைகள், அந்த வேலைகளில் பெண்கள் அதிகம் என்பதால் தானியங்கிக்குப் போகக்கூடிய வேலைகளின் பங்கு ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்று. ஒரு பெண் பிள்ளைக்கு அலுவலக வேலை என்பது சம்பளம் மட்டுமில்லை, கொழும்பில் வீட்டு வேலைக்கோ மத்திய கிழக்குக்கோ போகாமல் இருப்பதற்கான வழியும் அதுதான்.

அப்போ பிள்ளையை என்ன படிக்க வைப்பது?

ஒரே ஒரு பாடத்தைச் சொல்லி இதைப் படித்தால் தப்பலாம் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம், அவர் பெரும்பாலும் அந்தப் பாடநெறியை விற்கிறவராக இருப்பார். என் கருத்தில் தமிழை நன்றாக வாசித்து எழுதுவது, சிங்களமும் ஆங்கிலமும் வேலைக்குப் போதுமான அளவு, கணிதம், இவற்றுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். தாதியர், ஆசிரியர், மின்சாரம், குழாய், வாகனம் திருத்தும் வேலை, இவையெல்லாம் ஆள் நேரில் நின்று செய்ய வேண்டியவை என்பதால் கொஞ்சக் காலத்துக்குப் பலமாக நிற்கும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடத்துக்குப் போகத் தகுதி இருக்கிற பிள்ளையை "கணினிதான் எதிர்காலம்" என்று சொல்லித் திருப்ப வேண்டாம்.

தமிழில் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லுமா?

சொல்லும், முன்பை விட இப்போது நன்றாகவே. ஆனால் ஆங்கிலத்தில் கேட்கிற அளவுக்கு இல்லை. இந்த இயந்திரங்கள் படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். அது மட்டுமில்லை, எழுத்தை அவை சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல் ஒரு துண்டாக நிற்கும், தமிழில் அதே சொல் பல துண்டாகும். 2023இல் வந்த ஒரு ஆய்வு, சில மொழிகளில் ஒரே விஷயத்தைச் சொல்ல 15 மடங்கு வரை கூடுதல் துண்டுகள் தேவைப்படுகின்றன என்று காட்டியது. துண்டுக்குத்தான் காசு, அதனால் தமிழில் ஒரு செயலி செய்கிறவருக்குச் செலவு கூடுகிறது. மொழி காரணமாக வருகிற ஏற்றத்தாழ்வு இது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மலையகச் சொற்கள் அதற்கு இன்னும் தூரம். "அரைப் பேர் போட்டார்கள்" என்று நான் எழுதினேன், யாரோ பாதிப் பெயரை எழுதினார்கள் என்று விளங்கிக்கொண்டது. நிர்ணயித்த கிலோ வரவில்லை என்று அரை நாள் சம்பளம் போட்டதைச் சொன்னேன் என்று விளக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் இது எங்களுக்குப் பெரிய உதவி. அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்து, அதை வாசிக்க யாரையாவது தேடி அலைந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி, நடைமுறை வேறு. இப்போது கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டால் தமிழில் சொல்கிறது, பதிலையும் சிங்களத்தில் எழுதித் தருகிறது. திகதி, தொகை, பெயர் மூன்றையும் மட்டும் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் கண்ணுக்கு முன்னால் ஏஐ செய்த நல்ல வேலைகளில் முதலாவது இதுதான்.

கணினி முடிவெடுத்தால் சாதி, மொழி, சொந்தக்காரன் என்று பார்க்காதே. அது நல்லதில்லையா?

அந்த ஆசை எனக்குப் புரிகிறது. சிபாரிசு இல்லாமல் கஷ்டப்பட்டவர்களுக்கு முகம் பார்க்காத இயந்திரம் நீதியாகத் தெரியும். ஆனால் இயந்திரம் பழைய கணக்கைப் பார்த்துத்தான் படிக்கிறது, பழைய கணக்கில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

2020இல் கொரோனாவால் இங்கிலாந்தில் உயர்தரப் பரீட்சை நடக்கவில்லை. ஆசிரியர்கள் கொடுத்த தரங்களை ஒரு கணிப்பு முறையில் போட்டுத் திருத்தினார்கள், அதில் அந்தப் பாடசாலை முன்னைய வருடங்களில் எடுத்த பெறுபேறுகள் பெரிய பங்கு வகித்தன. ஏறத்தாழ 40 சதவீதமான தரங்கள் ஆசிரியர் கொடுத்ததை விடக் கீழே இறங்கின. சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியர் கொடுத்த தரமே நின்றது, சின்ன வகுப்புகள் அதிகம் இருப்பது கட்டணப் பாடசாலைகளில். கெட்டிக்காரப் பிள்ளை பின்தங்கிய பாடசாலையில் படித்ததற்காகவே தண்டனை வாங்கினாள். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், ஆகஸ்ட் 13இல் வந்த முடிவு ஆகஸ்ட் 17இல் கைவிடப்பட்டது. இது செயற்கை நுண்ணறிவு கூட இல்லை, வெறும் சூத்திரம். "இந்தப் பாடசாலையிலிருந்து இதுவரை யாரும் எடுத்ததில்லை, ஆகவே நீயும் எடுக்க மாட்டாய்" என்று ஒரு தோட்டப் பாடசாலைப் பிள்ளையிடம் சொன்னால் எப்படி இருக்கும்?

எங்கள் நாட்டிலும் சூத்திரம் பிழைத்திருக்கிறது. 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டங்களுக்கு, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைக் கணித்த விதம் பிழை என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள், 2012இல் உயர் நீதிமன்றம் திரும்பக் கணிக்கச் சொன்னது. சூத்திரம் வெளியே தெரிந்ததால்தான் பிழை என்று காட்ட முடிந்தது. ஒரு நிறுவனத்தின் ஏஐ உங்கள் பிள்ளையின் விண்ணப்பத்தையோ கடனையோ தள்ளினால் எதைக் காட்டி வழக்காடுவது? பல தோட்டங்களில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி, கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். முகவரியைப் பார்த்து நம்பகத்தன்மையை மதிப்பிடுகிற இயந்திரம், ஒருவர் கட்டாத கடனுக்கு முழுத் தோட்டத்தையும் குறைத்து எடைபோடலாம். காரணத்தை எழுத்தில் தா, மனிதர் ஒருவர் திரும்பப் பார்க்கட்டும் என்ற இரண்டையும் சட்டமாகக் கேட்க வேண்டும்.

தோட்ட நிர்வாகம் ஏஐயைக் கொண்டுவந்தால் சம்பளம் கூடுமா?

தானாகக் கூடாது. விளைச்சல் கூடினால் அது யாருக்குப் போகும் என்பதைப் பேரம்தான் தீர்மானிக்கும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனதும், 2024இல் 1,350 ஆனதும் வருடக்கணக்காகக் கேட்டு, போராடி வந்தவை. இலக்கையும் கிலோவையும் இயந்திரம் கணிக்கிற நாள் வந்தால், அந்தக் கணக்கைத் தொழிலாளியும் பார்க்க முடியுமா என்பதைச் சங்கங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளை எட்டிப் பார்க்கும் உரிமை இருக்கிறதே, அதே உரிமைதான் இது.

வீட்டிலிருந்தே ஏஐ வேலை செய்து மாதம் லட்சம் உழைக்கலாம் என்று விளம்பரம் வருகிறதே?

முதலில் காசு கட்டச் சொன்னால் மோசடி, அவ்வளவுதான். படங்களுக்குக் குறி போடுவது, எழுத்தைத் தரம் பிரிப்பது போன்ற உண்மையான வேலைகளும் இருக்கின்றன, ஆனால் சாட்ஜிபிடிக்காகக் கென்யாவில் கொடூரமான எழுத்துகளை வாசித்துப் பிரித்தவர்களுக்கு மணிக்கு 2 டொலருக்கும் குறைவாகவே கொடுத்தார்கள் என்று 2023 ஜனவரியில் வெளிவந்தது.

வீட்டில் ஒரே போன், அதுவும் அண்ணன் கையில். என்ன செய்வது?

முதலில் அண்ணனிடம் பேசுங்கள், இரவு ஏழிலிருந்து எட்டு வரை தங்கச்சிக்கு என்று நேரம் பிரியுங்கள். டேட்டா செலவும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை, எழுதிக் கேட்பதற்கு வீடியோ பார்ப்பதை விட மிகக் கொஞ்சம்தான் போகும்.

ஆனால் தனித்தனி வீட்டில் இதைத் தீர்க்கப் பார்த்தால் எப்போதும் யாரோ ஒரு பிள்ளை விடுபடும். எங்கள் நிலையத்தில் இரண்டு பழைய மடிக்கணினி, ஒரு ரவுட்டர், பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். ஒரு மடிக்கணினிக்கு நான்கு பேர் கூடி உட்கார்ந்து, ஒருவர் கேள்வியை வாசிக்க, ஒருவர் தட்ட, மற்ற இருவர் "அது சொன்னது பிழை" என்று சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டையில்தான் அதிகம் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் தோட்டத்திலும் பூட்டிக் கிடக்கிற ஒரு நிலையமோ கோயில் மண்டபமோ இருந்தால், உயர்தரம் முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற ஒரு அக்காவோ அண்ணனோ கட்டாயம் இருப்பார். திறப்பை அவரிடம் கொடுங்கள்.